இரண்டாவது டிக்கெட்

டாலிசான் தீவுக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்று அந்த அம்மாள் முதன்முதலில் என்னிடம் கேட்டது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. சான் ரோக்கே துறையில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரும் எனக்கு அது ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கும் கேள்வி.

"காலைல பத்து, மத்தியானம் ரெண்டரை. ஒண்ணே முக்கால் மணி நேரம். காத்து எதிர்ல அடிச்சா ரெண்டு மணி ஆகும், மானாங்" என்றேன். வயதில் மூத்த பெண்களை எங்கள் பக்கம் மானாங் என்றுதான் கூப்பிடுவோம்.

அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் திறந்து எழுதிக்கொண்டாள். டிக்கெட் வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வந்தாள். உயிர் காக்கும் சட்டைகள் இருக்கைக்கு அடியில் இருக்குமா, அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்களா என்று கேட்டாள். அதற்கு மறுநாள், கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்றாள். பிறகு மேல்தளமா கீழ்த்தளமா, எந்தப் பக்கம் அலை குறைவாகத் தெறிக்கும், வடகிழக்குக் காற்று எந்த வாரத்தோடு அடங்கும், கரை கண்ணில் படாத தூரம் எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றாக. எல்லாம் நோட்டில் ஏறியது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

சாமான்களை எடை போடும் ஆர்துரோ வாய் சும்மா இருக்காதவன். "மெர்லிண்டா, அந்தம்மா கப்பல்ல போறதுக்குக் கேக்குதா, இல்ல கப்பலையே வெலைக்கு வாங்கப் போகுதா?" என்றான்.

"நீ வேணா கேளு. உன்னையும் சேத்து வாங்கிட்டுப் போகட்டும்."

"அய்யோ வேணாம். அதோட கண்ணைப் பாத்தியா? தூங்கி வருஷக்கணக்காச்சு போல."

எனக்கு வேறொன்று உறுத்தியது. வரிசை காலியான பிறகுதான் அவள் வருவாள். வந்தாலும் ஜன்னலுக்கு நேராக நிற்கமாட்டாள். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தலையை நீட்டிப் பேசுவாள். ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடி வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ முன்னாடி போ. முன்னாடி போம்மா, நீ போ" என்று அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். அவள் டிக்கெட் வாங்கிப் போகும்வரை அம்மாள் சுவரைவிட்டு நகரவில்லை.

மூன்றாவது வாரம் திங்களன்று நோட்டை மூடிக் கையில் வைத்தபடி வந்தாள்.

"வியாழக்கிழமை, காலைக் கப்பல். மேல்தளம், கதவுக்குப் பக்கத்து வரிசை. ரெண்டு டிக்கெட் குடு, இன்டாய்" என்றாள். என் வயதுப் பெண்களை மூத்தவர்கள் அப்படிக் கூப்பிடுவது வழக்கம்.

பயணிகள் பட்டியலில் பெயர், வயது, ஊர் எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன்.

"மொத டிக்கெட் யாருக்கு, மானாங்?"

"எனக்கு. டோமிங்கா துமுலாக். அறுபது வயசு."

என் பேனா நின்றுவிட்டது. துறையின் வாசலில் ஒரு கருங்கல் இருக்கிறது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் மூழ்கிய கப்பலில் இறந்த நாற்பத்து மூன்று பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். முப்பத்தெட்டாவது பெயர் டோமிங்கா துமுலாக்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த கையைப் பார்த்தேன். பணத்தை வாங்கும் சாக்கில் அந்த விரல்களைத் தொட்டேன். சூடாக இருந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்கள்.

"அந்தக் கல்லுல இதே பேரு இருக்கு" என்றேன்.

"பாத்தேன். அது நான்தான்."

"அப்ப ரெண்டாவது டிக்கெட்?"

"அது கல்லுல இல்லாதவளுக்கு. அவ பேரு எனக்குத் தெரியாது."

நான் ஜன்னலை மூடினேன். ஆர்துரோவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மின்விசிறி சத்தத்தில் அவள் குரல் அமுங்கியது. நான் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

டாலிசானின் தெற்குக் கோடி கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் டோமிங்கா. பிள்ளை இல்லை. புருஷன் பசிலியோ குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். அன்றைக்கு வலை நூல் வாங்கிவரச் சொல்லி அவளைச் சான் ரோக்கேவுக்கு அனுப்பியிருந்தான். மாலைக் கப்பல். மறுநாள் திருவிழா என்பதால் கூட்டம் அலைமோதியது. கடைசி டிக்கெட் அவளுக்குத்தான் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் நின்றவள் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"மானாங், உங்க டிக்கெட்டை எனக்குக் குடுங்களேன், பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல், மருந்து வாங்க வந்தேன், என் வீட்டுக்காரர் தொறையில காத்துக்கிட்டு நிப்பாருன்னு சொன்னா. கையில சிரப் பாட்டில். குடுத்துட்டேன்."

"நல்ல மனசோடதானே குடுத்தீங்க."

"அப்படிச் சொல்லாத, இன்டாய்!" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "நல்ல மனசெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு ராத்திரி அடி மிச்சம்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். டிக்கெட்டுல என் பேரு இருந்துச்சு. பேரை மாத்திக்கட்டுமான்னு அவ கேட்டா. நேரமில்ல, அப்படியே ஏறுன்னு நான்தான் தள்ளிவிட்டேன்."

அன்றிரவு தேவாலயத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறாள். விடிந்ததும் ரொட்டிக்கடை வானொலியில் இறந்தவர்கள் பட்டியலை வாசித்தார்கள். தன் பெயரைக் கேட்டாள்.

"வாயில ரொட்டி இருந்துச்சு. முழுங்கிட்டேன். யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. பஸ் ஏறிட்டேன். கடலே கண்ணுல படாத மலை ஊரு. அங்க துணி தொவைச்சுப் பொழைச்சேன். அன்னையிலருந்து எங்க வரிசையில நின்னாலும் பின்னால அவ நிக்கறா. கடையில, கோயில்ல, ஆஸ்பத்திரியில. 'மானாங், பேரை மாத்திக்கட்டுமா'ன்னு கேக்கறா. திரும்பினா யாரும் இல்ல."

"பத்தொம்பது வருஷம் வராதவங்க இப்ப ஏன் வந்தீங்க?"

மூத்த குடிமக்கள் அட்டைக்காகப் போன மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். கணினியைப் பார்த்த பையன் சிரித்திருக்கிறான்: பாட்டி, நீங்க செத்துட்டீங்களே. ஒரு காகிதத்தையும் அச்சடித்துக் கொடுத்தான். அதை அவள் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். இறந்தவர் டோமிங்கா துமுலாக். நீரில் மூழ்கி மரணம். அதற்குக் கீழே ஒரு வரி: டாலிசான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

"பட்டியல்ல பேரு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன். கடலோட போயிட்டான்னு நெனச்சேன். ஒடம்பு கெடைச்சிருக்கு, இன்டாய். அழுகின மொகத்தை யாரு பாத்தா, டிக்கெட்டைப் பாத்து என் பேரைச் சொல்லிப் பொதைச்சிருக்காங்க. அப்ப அவ புருஷன் யாரைத் தேடினான்? அந்தப் புள்ளை என்னாச்சு?"

அந்தப் புருஷன் யார் என்று எனக்குத் தெரியும்.

டாலிசான்தான் என் ஊரும். கப்பல் மூழ்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. தீவின் துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். சான் ரோக்கேவிலிருந்து வந்த பயணிகள் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசித்தது நான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் கதறி விழும். மூட்டை தூக்கும் கிரிஸ்புலோ மட்டும் தூணைப் பிடித்தபடி கடைசிவரை நின்றிருந்தான். அவன் மனைவி நார்சிசா மருந்து வாங்கப் போயிருந்தாள். பட்டியலை முடித்துவிட்டு நானே அவனிடம் போனேன். "உங்க வீட்டம்மா பேரு இல்ல. அந்தக் கப்பல்லயே ஏறல. வீட்டுக்குப் போங்க, சந்தோஷமா போங்க" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று மாலை கோழி அடித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் சமைத்துப் போட்டான்.

நார்சிசா மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. நகரத்தில் விசாரித்தான், ஆஸ்பத்திரிகளில் தேடினான். மூன்று மாதம் போனதும் ஊர் பேச ஆரம்பித்தது. செருப்பு விற்க வருபவனோடு ஓடிவிட்டாள். இல்லை, மணிலாவில் பார்த்தேன், தலைமுடியை வெட்டியிருக்கிறாள். கப்பல் மூழ்கியது அவளுக்கு நல்ல சாக்காகப் போயிற்று. கிரிஸ்புலோ அவள் புகைப்படங்களையெல்லாம் எடுத்துக் கடற்கரையில் போட்டுக் கொளுத்தினான். அதன்பின் அவள் பெயரை யாரும் அவன் காதுபடச் சொன்னதில்லை. அவன் இல்லாத இடத்தில் சொல்லாமல் விட்டதுமில்லை. மூன்று வயதுக் குழந்தை ஜெனலின், ஓடிப்போனவளின் மகளாக வளர்ந்தாள். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். செருப்பு விற்கிறவன் கதையை நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அவ பேரு நார்சிசா" என்றேன் டோமிங்காவிடம். "நார்சிசா ஆல்பரஸ்."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து, எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். முதலில் ஜெனலினின் ரொட்டிக்கடைக்குப் போவது, அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்வது, அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று அவளே முடிவு செய்யட்டும் என்று பேசி வைத்திருந்தோம். இரண்டாவது டிக்கெட்டில் நார்சிசாவின் பெயரை நானே எழுதினேன். தப்பு என்று தெரியும். ஆள் இல்லாத பெயரைப் பட்டியலில் ஏற்றினால் வேலையே போகும். ஆனால் என் கையால் அந்தப் பெயரை ஒரு தடவையாவது எழுத வேண்டும்போல இருந்தது.

கப்பலில் மேல்தளத்தில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். டோமிங்கா ஓர் இருக்கையைக் காலியாக விட்டு அதன்மேல் டிக்கெட்டை வைத்தாள். உயிர் காக்கும் சட்டையை எடுத்து வாரைச் சோதித்தாள். இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

புறப்படும் முன் கடலோரக் காவல்படை அதிகாரி தலைகளை எண்ண வருவது வழக்கம். அன்று வந்தவர் புதியவர், இளைஞர். ஒருமுறை எண்ணினார். பட்டியலைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு மாலுமி அறைக்குப் போய் ஒலிபெருக்கியைக் கையில் எடுப்பதைப் பார்த்தேன். எழுந்து ஓடுவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

"அறுபத்தஞ்சு பேர் இருக்கணும். அறுபத்து நாலுதான் இருக்கு. நார்சிசா ஆல்பரஸ்! நார்சிசா ஆல்பரஸ், டாலிசான்! இருந்தா கை தூக்குங்க."

கப்பலில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். மீன்காரி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள். கீழே இயந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது.

"நார்சிசா ஆல்பரஸ்!" என்றது ஒலிபெருக்கி மீண்டும்.

நான் அதிகாரியிடம் போய், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள், அந்த ஆள் வரவில்லை என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் மூன்றாம் முறையாக எண்ணிக்கொண்டே மேல்தளத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு தலையாக விரலை நீட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வரிசையில் நான், டோமிங்கா, நடுவில் காலி இருக்கை. விரல் எங்கள் பக்கம் அசைந்தது. கடைசி வரிசையை முடித்துவிட்டு, "அறுபத்தஞ்சு. சரியா இருக்கு. மொதல்ல யாரோ கழிவறையில இருந்திருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் மடியில் கைக்குழந்தை இருந்தது. அதையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கப்பல் நகர்ந்தது. நடுக்கடலில், அந்தக் கப்பல் மூழ்கிய இடத்தில் எங்கள் மாலுமிகள் எப்போதும் ஒருமுறை சங்கு ஊதுவார்கள். அப்போது டோமிங்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. காலி இருக்கையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், யாரோ கேட்டதற்குச் சம்மதம் சொல்வதுபோல.

கரையில் இறங்கும்போதே நாங்கள் போட்ட திட்டமெல்லாம் பாழாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் இறங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கிரிஸ்புலோ கயிற்றைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான். மீன்காரி அவனிடம் என்னவோ சொல்வது தெரிந்தது. அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் மூட்டை தூக்கிய தோள்கள் அப்படியே இருந்தன.

"பத்தொம்பது வருஷமா சிரிச்சீங்க, போதலையா? இப்ப மைக்கு போட்டுக் கூப்பிட்டுச் சிரிக்கறீங்களா? எழுதினது யாரு, நீதானே மெர்லிண்டா?"

"நான்தான், மானோங். சிரிக்கறதுக்கு எழுதல" என்றேன். மூத்த ஆண்களை மானோங் என்போம்.

"பின்ன எதுக்கு? அவ வந்திருக்காளா?"

டோமிங்கா என்னை விலக்கிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள். வெயிலில், மூட்டைகளுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவில், அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள். தன் பெயர், கடைசி டிக்கெட், காய்ச்சல், சிரப் பாட்டில், தான் தள்ளிவிட்டது, தான் வாயைத் திறக்காதது. எதையும் பூசி மெழுகவில்லை. அவன் கை ஓங்குவான் என்று நான் பயந்தேன். அவளும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள், கண்ணை மூடியிருந்தாள்.

அவன் கை ஓங்கவில்லை. அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டையின்மேல் உட்கார்ந்தான். "சிரப்பா?" என்றான். "என்ன கலரு?"

"செகப்பு. ஆரஞ்சுப் படம் போட்டிருந்துச்சு."

"நான்தான் அதை வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றான்.

செய்தி கேட்டு ஜெனலின் மாவு படிந்த கைகளோடு ஓடி வந்தாள். யாரும் அவளுக்கு முழுதாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை அவளே சேர்த்துக்கொண்டாள். அழவில்லை. டோமிங்காவிடம், "எங்க பொதைச்சாங்கன்னு பேப்பர்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நால்வரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். பின்னால் ஊரே வந்தது, சத்தமில்லாமல்.

பசிலியோ என்றைக்கோ குடித்தே செத்துப்போயிருந்தான். டோமிங்கா துமுலாக் என்று கறுப்பு மையில் எழுதிய அந்தச் சிமென்ட் மேடைக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றியதில்லை. ஓரம் உடைந்து பாசி பிடித்திருந்தது. அதைக் கண்டதும் ஜெனலின் நின்றுவிட்டாள்.

"இதுவா? பெரியப்பா கல்லறைக்கு வர்றப்பெல்லாம் இதுமேலதான் உக்காந்து சாப்பிடுவேன்" என்றாள். "யாரும் வராத கல்லறை, உக்காந்தா ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. டோமிங்காவும் தள்ளியே நின்றாள். நெடுநேரம் கழித்து ஜெனலின் முகத்தைத் துடைத்தாள். கன்னமெல்லாம் மாவு.

"எங்கிட்ட எங்கம்மா படம் ஒண்ணுகூட இல்ல" என்றாள். "நீங்கதானே கடைசியா பாத்தது. எப்படி இருந்தாங்க?"

டோமிங்கா உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. ஒல்லியான கழுத்து. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. வேகமாகப் பேசும்போது அதில் காற்று சீறும். ஒரு காதில் மட்டும் தோடு, மற்றது எங்கோ விழுந்திருக்கும். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

"வலது."

குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. கிரிஸ்புலோ முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றிருந்தான்.

"இடது இல்ல, வலது. நீ எதிர்ல நின்னு பாத்திருக்க, அதான் மாத்திச் சொல்ற. தேங்கா ஒடைக்கறப்ப சில்லு தெறிச்சுது. நான்தான் ஒடைச்சேன். நாலு நாள் எங்கூடப் பேசவே இல்ல."

ஜெனலின் எழுந்து அவனிடம் போனாள். "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, அஞ்சாவது நாள் அவளே பேசினா. பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா." அவன் திரும்பினான். மகளைப் பார்த்தான். "தோடு தொலைஞ்சது தண்ணிக் கொழாய்கிட்ட. அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தான்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நானும் டோமிங்காவும் மதிலோரம் நிழலில் உட்கார்ந்துகொண்டோம். துறைப்பக்கமிருந்து, சான் ரோக்கேவுக்குத் திரும்பும் மத்தியானக் கப்பலின் சங்கு கேட்டது. அது போகட்டும் என்று விட்டுவிட்டோம். கிரிஸ்புலோ இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.